சாக்பீஸ் கோட்டுக்குள்

இந்த ஊரில் சுவரில் மாட்டியிருக்கிற எந்தப் படத்திலும் மனிதர்களுக்கு மூக்கு இருக்காது. நீதிமன்ற முகப்பில் தராசோடு நிற்கிற பெண்மணிக்குக் கிடையாது. மருத்துவமனை வராந்தாவில் குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற நர்ஸுக்குக் கிடையாது, அந்தக் குழந்தைக்கும் கிடையாது. தபால்தலையில் இருக்கிற பெரிய மனிதர்களெல்லாம் கண்ணுக்குக் கீழே நேராக வாயை வைத்துக்கொண்டு கம்பீரமாகப் பார்க்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் மிரளுவார்கள், பிறகு பழகிவிடும். விமரிசகர்கள் இதற்கு மூக்கற்ற மரபு என்று பெயர் வைத்துத் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். மூச்சே கேள்விக்குள்ளாகிவிட்ட காலத்தில் இந்த ஓவியர்கள் மூக்கை மறுதலித்தார்கள் என்று அதில் வரும். படித்து முடித்தால் நமக்கு மூக்கு இருப்பதே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

நடந்தது வேறு. ஊரில் நுண்கலைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. அதில் உயிருரு வரைவுத் துறை என்று ஒன்று. ஆளை எதிரே உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து வரையக் கற்றுக்கொடுக்கிற இடம். வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எதிரே உட்காருகிறவருக்கு மாடல் என்று பெயர். கடைசி மாடல் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சம்பளமா என்று மேலிடத்தில் கேட்டார்களாம். கேட்டவர்களும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பதால், போட்டிக்கு ஆள் வருவதை விரும்பவில்லை போலிருக்கிறது. மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டர் சிலையைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். தூக்கும்போது நிலைக்கதவில் இடித்து அதன் மூக்கு போய்விட்டது. பெருக்க வந்தவர் அதை முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டார். அன்றிலிருந்து மாணவர்கள் அந்தச் சிலையைப் பார்த்தே வரைந்து, பட்டம் வாங்கி, வெளியே போய் ஊர் முழுக்க மூக்கை அறுத்துவிட்டார்கள். இப்போது அங்கே பாடம் நடத்துகிறவர்களும் அந்தச் சிலையிடம் படித்தவர்கள்தான்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நம் கவுன்ட்டர்காரர் பென்சிலும் கையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். கண்ணாடியில் அழுக்கேறி வெளியே எதுவும் தெரியாது. கீழே ஒரு ஓட்டை, அதன் வழியாகக் கை மட்டும் உள்ளே வரும். ஊரில் பாதிப் பேரை அவருக்குக் கையை வைத்துத்தான் தெரியும். நேரில் பார்த்தால் யார் என்று விழிப்பார், கையை நீட்டினால் எந்த ஊருக்கு டிக்கெட் வாங்குகிற ஆள் என்று சொல்லிவிடுவார். ஒரு கை உள்ளே இருக்கும்போதே யாராவது வரிசையை உடைத்துக்கொண்டு இன்னொரு கையை நுழைத்தால், உங்க முறை வரும், பொறுமையா நில்லுங்க என்று ஓட்டைக்குள்ளிருந்து சொல்வார். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார் என்பதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

அவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த சூட்டோடு அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மருத்துவமனைக்கு அலைந்ததில் கட்டி கரையவில்லை, முடிதான் கொட்டியது. சாதாரண முடி இல்லை அது. நாற்காலியில் உட்காருமுன் ஒரு கையால் எடுத்து முன்னால் போட்டுக்கொண்டால்தான் அந்த அம்மாளால் உட்கார முடியும். அவ்வளவும் போய், தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துக்கொண்டு கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவைப் பார்த்துக்கொள்ள அவளுடைய தங்கை வந்து தங்கினாள்.

தங்கை ஒருநாள் கைப்பேசியை எடுத்து அக்காவைப் படம் பிடிக்கப் போனாள். அக்கா அதைத் தட்டிவிட்டாள். பழைய படம் ஒன்றைச் சட்டம் போட்டு வைக்கலாமா என்று கவுன்ட்டர்காரர் கேட்டார்.

"அதுல இருக்கறது வேற யாரோ. போட்டோ எடுத்தா இருக்கறதைத்தான் காட்டும், அதை நான் கண்ணாடியிலயே பாத்துக்கறேன். எனக்கு இப்ப இருக்கற இந்த மூஞ்சியில முடி வேணும். நீங்க வரைஞ்சு கொடுங்க."

ஊரிலிருக்கிற ஓவியர் யாரிடமாவது போகலாம்தான். போனால் முடி கிடைக்கும், மூக்கு போய்விடும். அதனால் அவரே ஒரு பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு வரைந்தார். அவர் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, உரித்த தேங்காய்க்குக் குடுமி வைத்தது போல இருக்கிறது என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்து வரைவது என்று அவர் அன்றைக்கே முடிவு செய்தார். அவள் போவதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் விஷயம்.

கழகத்தில் பொதுமக்களுக்கு மாலை வகுப்பு உண்டு. துறைத்தலைவர் அவரை வரவேற்று நேர்காணல் நடத்தினார். துறைத்தலைவருக்கு இடது கண் எப்போதும் மூடியே இருக்கும். ஓவியர்கள் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி அளவெடுப்பார்கள் அல்லவா? ஆயுள் முழுக்க அளவெடுத்து அளவெடுத்து அந்தக் கண் திறக்க மறந்துவிட்டது. சாப்பிடும்போது தட்டில் இடது பக்கம் இருப்பது அப்படியே மிச்சமாகும் என்று பியூன் சொல்வார்.

"யாரை வரையணும்?" என்று துறைத்தலைவர் கேட்டார்.

"என் வீட்டுக்காரியை."

"தெரிஞ்சவங்களை வரையக் கூடாது. தெரிஞ்சவங்களைப் பாத்தா பாசம் வரும், பாசம் வந்தா கை நடுங்கும். பாசம் எங்க பாடத்திட்டத்துல கடைசி வருஷம். அதுவும் விருப்பப் பாடம். இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல."

கவுன்ட்டர்காரர் தயங்கித் தயங்கி, மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவு நாள் தாங்காது என்றார். கலைக்கு அவசரம் கிடையாது, இதை வீட்டில் எடுத்துச் சொல்லிக் காத்திருக்கச் சொல்லுங்கள் என்று துறைத்தலைவர் சொன்னார். இவரும் வந்து சொன்னார். சரி, பார்க்கிறேன் என்றாள் மனைவி.

முதல் பாடம் பென்சில் சீவுவது. சீவிய பென்சிலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் மொக்கையாக்கிக் கொடுப்பார்கள், மறுபடி சீவ வேண்டும். இதில் அவர் தேறியதும் கண் மூடும் பாடம் ஆரம்பமாயிற்று. கையை நீட்டி, கட்டைவிரலை நிறுத்தி, இடது கண்ணை மூடிச் சிலையைப் பார்க்க வேண்டும். தாளில் ஒரு கோடு போட அனுமதி இல்லை. பார்க்கத் தெரியாதவன் கோடு போட்டால் அது வன்முறை என்பது துறைத்தலைவருடைய கொள்கை.

கற்றதைக் காட்டச் சொல்லி வீட்டில் மனைவி கேட்டாள். அவர் கட்டிலுக்கு எதிரே நின்று, கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி அவளைப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவன் போல இருக்கிறது என்றாள் அவள்.

"எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"கண்ணை மூடற வரைக்கும்."

"நான் மூடறதுக்குள்ள முடிச்சுருங்க" என்றாள்.

இந்தச் சமயத்தில் கழகத்துக்கு ஒரு சோதனை வந்தது. தரநிர்ணயக் குழு பார்வையிட வரப்போவதாகத் தகவல். போன தடவை வந்தபோது, உயிருரு வரைவுத் துறையில் உயிர் எங்கே என்று அவர்கள் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்தத் தடவையும் காட்டாவிட்டால் மானியம் போய்விடும். கழகத்தின் முதல்வர் அவசரக் கூட்டம் கூட்டினார். சிலைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில் மீன் வைக்கலாம் என்றார் ஒருவர். மீன் அசையும், செடி போதும் என்றார் இன்னொருவர். தேநீர் கொண்டுவந்த பியூன், மாலை வகுப்பில் ஒருத்தர் ஒரு வேலையும் செய்யாமல் ஒற்றைக் கண்ணோடு நின்றுகொண்டிருக்கிறார், அவருக்கு உயிர் இருக்கிறது என்றார்.

முதல்வர் கவுன்ட்டர்காரரைத் தன் அறைக்கே அழைத்து உட்காரவைத்துப் பேசினார்.

"உலகத்துல எல்லாரும் வரையணும்னு ஆசைப்படறாங்க. வரையப்படணும்னு யாராவது முன்வராங்களா? உங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைச்சிருக்கு. என்னையே எடுத்துக்கங்க. இந்த நாற்காலிக்கு வந்த நாள்ல இருந்து நான் பென்சிலைத் தொட்டதில்ல. தொட்டுக்கிட்டே இருந்தவங்க எல்லாம் இன்னும் கீழதான் இருக்காங்க."

மேடையில் உட்காருவதும் பயிற்சியில் ஒரு நிலைதான், அது முடிந்த அன்றைக்கே கையில் பென்சிலும் தாளும் தரப்படும் என்று துறைத்தலைவர் விளக்கினார். கவுன்ட்டர்காரருக்கு அது புரிந்தது. வரிசையில் நிற்கிறோம், முறை வரும். ஒப்புக்கொண்டார்.

அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். ஸ்டூலின் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். அவருடைய செருப்பைச் சுற்றி ஒரு கோடு, தொடைமேல் வைத்த கையைச் சுற்றி வேட்டியிலேயே ஒரு கோடு. இடையில் எழுந்து போய்விட்டு வந்தால் அந்தக் கோட்டுக்குள் திரும்பப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் மாணவர்களுடைய படமெல்லாம் வீண். மாடல் வைத்து வரைகிற எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்வார்கள். இங்கே கூடுதலாக, சுண்டுவிரல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கத் துறைத்தலைவர் மேடையில் ஏறி மண்டியிட்டு, இருக்கிற ஒரு கண்ணால் உற்றுப் பார்ப்பார். மற்றபடி உட்கார்ந்திருக்கிற மனிதருக்குத் தாகமா, கால் மரத்துப்போயிற்றா என்று யாரும் பார்த்ததில்லை, அதற்குக் கோடு போட முடியாது.

முதல் நாளே வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். நடுவில் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது சார், என்ன செய்வது என்று கேட்டாள். துறைத்தலைவர் பார்த்தார். மாடலுக்கு மூக்கு இருந்தது. இதை யாரும் யோசிக்கவில்லை. அது தற்காலிகமானது, கண்டுகொள்ளாமல் வரையுங்கள் என்று சமாளித்தார். மாணவர்களால் முடியவில்லை. ஒருவன் முகத்தின் நடுவே கரண்டிக் காம்பைச் செருகியது போல வரைந்தான். இன்னொருவன் மூக்கைத் தனியாகத் தாளின் மூலையில் வரைந்து அம்புக்குறி போட்டான். நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

மூக்கு பற்றி ஆட்சிக்குழு கூடியது. கவுன்ட்டர்காரரையும் ஒரு சான்றாக எதிரே நிறுத்தியிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்காமலேயே முதல்வர் பேசினார்.

"மூக்குக்கு நாங்க எதிரி இல்ல. என் சொந்தக்காரங்க பல பேருக்கு மூக்கு இருக்கு. ஆனா இன்னைக்கு இதை ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் கொடுத்த பட்டமெல்லாம் என்ன ஆகறது? நீதிமன்றச் சுவர் என்ன ஆகறது? மூக்கற்ற மரபுக்காக எனக்குக் கொடுத்த விருதை யாரு திருப்பிக் கேப்பாங்கன்னு யோசிங்க. உண்மைங்கறது பெரிய விஷயம்தான். அதுக்காக ஒரு நிறுவனத்தையே பலி கொடுக்க முடியுமா?"

யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. கவுன்ட்டர்காரருடைய மூக்கின் மேல் அகலமான வெள்ளை பிளாஸ்திரி போட்டு, இரண்டு கன்னத்திலும் இழுத்து ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாணவர்கள் நிம்மதியாக வரைந்தார்கள்.

மாலையில் மட்டும் இருந்தது பிறகு பகலிலும் என்று ஆயிற்று, குழு வருகிற நாள் நெருங்கிவிட்டதாம். வீட்டுக்குத் திரும்பும்போது மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து தோல் உரிந்திருக்கும். வரைகிற இடத்தில் மூக்கில் என்ன காயம் என்று மனைவி கேட்டாள். பென்சில் பட்டுவிட்டது என்று பொய் சொன்னார். சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. பென்சிலைத் தொட்டே வெகுநாளாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

அவள் இப்போது பாதி நேரம் தூக்கத்திலேயே இருந்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். உட்கார்ந்ததும் கை தானாகத் தொடைமேல் போகும், முதுகு நிமிரும், பார்வை எதிர்ச்சுவரில் நிலைக்கும். ஒரு தடவை அவள் தண்ணீர் கேட்டாள். அவருக்குக் கேட்டது. ஆனால் திரும்பவில்லை, அசையாமல் இருந்து இருந்து உடம்பு அப்படிப் பழகிவிட்டது. மச்சினி சமையலறையிலிருந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"மாமா, அக்கா உங்களைத் தேடுது. படம்கூட வேண்டாம், வீட்ல இருந்தா போதும்னு சொல்லுது."

"இன்னும் கொஞ்ச நாள்தான்மா. பென்சில் கொடுத்துருவாங்க. என் முறை வந்துருச்சு."

இந்த இடத்தில் நமக்கு அவர்மேல் கோபம் வருகிறது. வரட்டும், நியாயமான கோபம்தான். வீட்டில் ஒருத்தி கரைந்துகொண்டிருக்கும்போது, எவனோ ஒரு ஒற்றைக் கண்ணன் போட்ட கோட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிற மனிதரை என்ன சொல்வது? ஆனால் இவ்வளவு தூரம் நின்றுவிட்டு, தன் முறை வரும் நேரத்தில் வரிசையை விட்டு விலகுகிறவனைப் போல முட்டாள் கிடையாது என்பது அவர் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்து கற்ற ஒரே பாடம். அதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது.

குழு வருகிற அன்று காலையில் அவள் விழித்திருந்தாள். அவர் கிளம்பும்போது சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குப் போக வேண்டாம் என்றாள். இன்றைக்குத்தான் கடைசி நாள், இன்றைக்கு முடிந்தால் சாயங்காலம் பென்சிலோடு வருகிறேன் என்றார் அவர். அவள் சட்டையை விட்டுவிட்டாள்.

"நடு வகிடு வேண்டாம். நெத்தியில இருந்து தூக்கி வாரின மாதிரி வரைங்க. எனக்கு அதுதான் நல்லா இருக்கும்."

கழகத்தில் மாலையும் மேளமுமாக இருந்தது. குழுத்தலைவியும் அவரோடு வந்தவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கவுன்ட்டர்காரர் பிளாஸ்திரியோடு கோட்டுக்குள் பொருந்தினார். மாணவர்கள் வரைய ஆரம்பித்தார்கள். முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்து, உயிர் என்றால் என்ன என்று பேசத் தொடங்கினார். உயிர் என்பது ஒரு நிர்வாகப் பொறுப்பு என்கிற இடத்துக்கு அவர் வந்தபோது, பியூன் மேடைக்குப் பின்பக்கமாக வந்து குனிந்து, வீட்டிலிருந்து போன் வந்தது, கொஞ்சம் மோசமாக இருக்கிறதாம், உடனே வரச் சொல்கிறார்கள் என்றார்.

கவுன்ட்டர்காரர் எழப் பார்த்தார். துறைத்தலைவர் அவர் தோளில் கை வைத்தார். இன்னும் கொஞ்ச நேரம், இப்போது கால் கோட்டைத் தாண்டினால் இத்தனை பிள்ளைகளுடைய உழைப்பும் போயிற்று, மானியமும் போயிற்று என்று காதில் சொன்னார். முடிந்த கையோடு பென்சில் தருகிறேன், நானே கூட வந்து உங்கள் மனைவியை வரையக் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறேன் என்றார். கவுன்ட்டர்காரர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர் பிற்காலத்தில் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார். முதல்வர் உயிரிலிருந்து உயர்கல்விக்குப் போகிற நேரம்தான் அது.

பியூன் மறுபடியும் வந்தார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"அம்மா போயிட்டாங்களாம்" என்றார்.

கவுன்ட்டர்காரர் அசையவில்லை. கை தொடைமேல் கோட்டுக்குள் இருந்தது, கால் தரையில் கோட்டுக்குள் இருந்தது. முகத்துக்கு மட்டும் யாரும் கோடு போட்டிருக்கவில்லை. கண்ணீர் இறங்கி, பிளாஸ்திரியின் ஓரத்தில் நின்று, ஊறி, உள்ளே போயிற்று. ஒட்டு விட்டது. பிளாஸ்திரி ஒரு பக்கம் சுருண்டு, தொங்கி, மடியில் விழுந்தது. சிவந்து வீங்கிய மூக்கு வெளியே வந்தது.

கூடத்தில் பேச்சு நின்றது. மாணவர்கள் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வேகமாக வரைய ஆரம்பித்தார்கள். பென்சில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூலையில் மூக்கை வரைந்து அம்புக்குறி போட்ட பையன்கூட அதை இருக்க வேண்டிய இடத்தில் வரைந்தான். குழுத்தலைவி எழுந்து வந்து ஒவ்வொரு பலகையாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதுதான். இதைத் தேடித்தான் நாங்க ஒவ்வொரு நிறுவனமா ஏறி இறங்கறோம். இந்த மூக்குல எவ்வளவு துக்கம் இருக்கு பாருங்க."

முதல்வர் ஒலிபெருக்கியைக் கீழே வைக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவருக்கு மற்றவர்களைவிட முன்னால் தெரிந்துவிடும்.

"மூக்கு இந்தக் கழகத்தோட நீண்டகால ஆராய்ச்சி. இத்தனை வருஷமா அதை நாங்க வரையாம இருந்ததே, ஒருநாள் சரியா வரையணும்கறதுக்காகத்தான்."

கைதட்டினார்கள். துறைத்தலைவர் மேடையோரம் வந்து, அப்படியே இருங்கள், பிதுங்கி நிற்கிற அந்தக் கீழுதட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். கவுன்ட்டர்காரர் எழுந்து நின்றார். காலைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தார். கூடம் முழுக்க ஐயோ என்றது. அந்த ஐயோ படத்துக்காக. அவர் இறங்கி நடந்தார்.

வீட்டில் அவளைக் கட்டிலிலேயே நேராகக் கிடத்தியிருந்தார்கள். தலைத்துணி நழுவி ஒரு பக்கமாகக் கிடந்தது. மச்சினி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வண்டிக்குச் சொல்லியிருந்தது.

அந்த வண்டி வருவதற்கு முன்பே கழகத்தின் வேன் வந்து நின்றது. முதல்வர் இறங்கினார், துறைத்தலைவர் இறங்கினார், பலகையும் தாளுமாக மாணவர்கள் இறங்கினார்கள், கடைசியில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பியூன். பாதியில் நிற்கிற படத்துக்கு மதிப்பெண் போட முடியாது என்று குழுத்தலைவி சொல்லிவிட்டாராம். சாயங்காலம் அவர் ஊருக்குத் திரும்புவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும். முதல்வர் வாசற்படியில் நின்று இரங்கல் உரை நிகழ்த்தினார். இழப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை, இவர் பாதியில் எழுந்து வந்ததில் கழகத்துக்கும் ஈடுசெய்ய முடியாத இழப்பு, இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்க வேண்டும் என்றார். பியூன் யார் முகத்தையும் பார்க்காமல், கவுன்ட்டர்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக் கோடு போட்டார். கட்டில் காலைச் சுற்றியும் போடச் சொன்னார்கள். மச்சினி ஜன்னல் வெளிச்சத்தை மறைப்பதாகச் சொல்லி ஒரு மாணவன் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் மச்சினி.

இந்த ஆத்திரமும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அடுத்த பருவத்துப் பாடம் என்று துறைத்தலைவர் மாணவர்களுக்கு விளக்கினார். அவர்கள் சுவரோரமாக உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்கள். அவள் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தாள். அவர்களில் சிலர் மாணவர்களுக்குப் பின்னால் நின்று, படம் எப்படி வருகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துறைத்தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். நன்றாகச் சீவியிருந்தது. ஒரு தாளைப் பலகையில் மாட்டிக் கவுன்ட்டர்காரர் மடியில் வைத்தார்.

"சொன்ன சொல்லை மீறினதில்ல நான். வரைங்க. முதல் தடவை வரையறவங்களுக்கு இதைவிட நல்ல மாடல் அமையாது. அசையவே மாட்டாங்க."

கவுன்ட்டர்காரர் பென்சிலை வாங்கிக்கொண்டார். வாங்கியிருக்கக் கூடாது, ஆனால் வாங்கிக்கொண்டார். இடது கண் தானாக மூடியது. பிறகு அதைத் திறந்து இரண்டு கண்ணாலும் பார்த்தார். புருவமே இல்லாமல் இருந்தது. காதுக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று இருந்தது, எப்போது பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இனி ஆள் இல்லை. மேலுதடு ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. இத்தனை வருஷமும் இந்த முகத்துக்கு எதிரே சாப்பிட்டிருக்கிறார், இதனோடு சண்டை போட்டிருக்கிறார். ஒழுங்காகப் பார்த்தது இப்போதுதான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு மாணவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து வரைந்தார்கள்.

அவர் முடியிலிருந்து ஆரம்பித்தார். நடு வகிடு எடுக்கவில்லை. நெற்றியிலிருந்து தூக்கி வாரின மாதிரி ஒரு கோடு இழுத்தார், அதன் பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. கை நடுங்கியதில் ஒவ்வொரு இழையும் நெளிந்து நெளிந்து வந்தது, அது முடிக்குப் பொருத்தமாகவே இருந்தது. தோளுக்கு வந்தது, தோளைத் தாண்டி இறங்கியது, தாளின் அடி வரைக்கும் போயிற்று. முகத்தை அவசரமில்லாமல் வரைந்தார். தழும்பைப் போட்டார். மூக்கு கொஞ்சம் கோணிவிட்டது. ஆனாலும் அது அவள்தான், பார்த்தால் யாருக்கும் தெரியும். மச்சினி அவர் தோளுக்குப் பின்னால் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாணவர்கள் முடித்துவிட்டார்கள். நேரமாயிற்று என்று சொல்லித் துறைத்தலைவர் அவர் மடியிலிருந்த தாளையும் உருவி எடுத்தார். ஒற்றைக் கண்ணால் தாளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். முதல்வரும் எட்டிப் பார்த்தார். மூக்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, இன்று முதல் அது நம் கொள்கை என்றார் துறைத்தலைவர். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"முடியிலதான் தப்பு பண்ணிட்டீங்க. மாடலுக்குத் தலையில ஒரு முடி கிடையாது. கண்ணு முன்னாடி இல்லாததை வரையறதை எங்க துறை ஒருநாளும் ஏத்துக்கிட்டதில்ல."

தாளின் மூலையில், தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மற்ற படங்களோடு சேர்த்துக் கட்டினார்.

கவுன்ட்டர்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். கோட்டைத் தாண்டி வந்து கையை நீட்டினார்.

"தேற வேண்டாம். அந்தத் தாளை மட்டும் கொடுத்துட்டுப் போங்க."

தேறாத தாளை வெளியே கொடுக்கிற வழக்கம் இல்லை, கொடுத்தால் கழகத்தின் தரத்தைப் பற்றி நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார் துறைத்தலைவர். கட்டிய படங்களைப் பியூனிடம் கொடுத்து வேனில் வைக்கச் சொன்னார். பியூன் கொண்டுபோய் வைத்தார். எல்லோரும் ஏறிய பிறகு துறைத்தலைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். வாசலில் நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கே மனது கேட்கவில்லை போலிருக்கிறது.

"இதுக்கெல்லாம் மனசு விடாதீங்க. அடுத்த வருஷம் திரும்ப வந்து வரையலாம். மாடலை மட்டும் நீங்களே கூட்டிட்டு வந்துடணும்."